இடது காலின் மீது ஒரு தீர்ப்பு

சகலமானவர்களுக்கும் இதனால் அறிவிக்கப்படுவது யாதெனில்: ஊரிலேயே மிகப் பெரிய கார் சர்வீஸ் சென்டர், தன் குளுகுளு கூடத்தில், மீன் தொட்டிக்கும் காபி மெஷினுக்கும் நடுவே கூடி, தீர ஆராய்ந்து ஒரு முடிவுக்கு வந்திருக்கிறது. வெள்ளைக் கார் நடுவழியில் நின்றுவிடுவதற்கான காரணம் காரில் இல்லை. அதை ஓட்டும் பெண்மணியின் இடது காலில் இருக்கிறது. மேற்படி கால், கிளட்சை மிதிக்க வேண்டிய முறைப்படி மிதிப்பதில்லை. இந்த முடிவை மேனேஜர் வெளியிட, பெண்மணியின் அக்கா கணவர் வழிமொழிந்தார். காலின் தரப்பில் யாரையும் விசாரிக்கவில்லை.

அந்தக் காலுக்குச் சொந்தக்காரி ஒரு நர்ஸ். வார்டில் நிற்கிற நர்ஸ் அல்ல, வீடு வீடாகப் போகிறவள். ஆபரேஷன் முடிந்து வீட்டுக்கு வந்தவர்கள், படுக்கையோடு கிடப்பவர்கள், சர்க்கரைப் புண் ஆறாதவர்கள் என்று ஊர் முழுக்க அவளுக்கு ஆட்கள் இருந்தார்கள். கட்டு மாற்றுவாள், ஊசி போடுவாள், மாத்திரையை விழுங்காமல் தலையணைக்கடியில் ஒளித்து வைப்பவர்களைப் பிடித்து நாலு வார்த்தை கேட்பாள். எல்லாரும் அவளை சிஸ்டர் என்று கூப்பிட்டார்கள். கூடப் பிறந்த சிஸ்டர் மட்டும் 'ஏய்' என்று கூப்பிட்டாள்.

கார் இல்லாமல் அந்த வேலை இல்லை. மருந்துப் பெட்டியும் ஆக்சிஜன் சிலிண்டரும் கட்டுத்துணி மூட்டையும் பஸ்ஸில் ஏறாது. அந்தக் கார்தான் நின்றது. இருமல் இல்லை, திணறல் இல்லை, புகை இல்லை. ஓடிக்கொண்டிருக்கும்போதே யாரோ ஸ்விட்சை அணைத்த மாதிரி நின்றது. காலையில் நிற்காது. வெயில் ஏறி, நெரிசலில் ஊர்ந்து ஊர்ந்து இன்ஜின் நன்றாகக் கொதித்த பிறகு, பார்த்து ஒரு பஸ்ஸுக்கு முன்னால் நிற்கும். சாவியைத் திருப்பினால் இன்ஜின் சுற்றும், பற்றாது. பின்னால் இருப்பவர்கள் ஹாரன் மூலமாகத் தங்கள் ஆலோசனைகளை வழங்குவார்கள். ஓரமாகத் தள்ளி நிறுத்தி, முகத்தைத் துடைத்துக்கொண்டு கொஞ்ச நேரம் காத்திருந்தால், ஒன்றுமே நடக்காத மாதிரி கிளம்பிவிடும். வெளியே ஊரைக் கூட்டி ரகளை பண்ணிவிட்டு, வீட்டில் சாதுவாகக் கை கழுவிச் சாப்பிட உட்காரும் ஆள் மாதிரி.

தலைமை நர்ஸ் கடைசியாகச் சொல்லிவிட்டாள். "இன்னொரு தடவை வழியில நின்னுட்டு போன் பண்ணேன்னு வை, ரவுண்ட்ஸ வேற ஆளுக்குக் குடுத்துடுவேன். நீ ஆபீஸ்ல உக்காந்து போன் எடு."

ஆபீஸ் போன் எடுக்கிற வேலை என்பது, காத்திருக்கும் நோயாளிகளிடம் 'சிஸ்டர் வந்துக்கிட்டே இருக்காங்க' என்று நாள் முழுக்கச் சொல்வது. வந்துகொண்டிருக்கும் சிஸ்டராக இருப்பதுதான் அவளுக்குப் பிடிக்கும். அதற்காகத்தான் அவள் இந்த வேலைக்கே வந்தாள்.

அவள் வீட்டுக்காரர் கப்பலில் சமையல்காரர், வருஷத்தில் பாதிக்கு மேல் கடலில் இருப்பவர். ஆகையால் தரையில் நடக்கும் விஷயங்களை அக்கா கணவர் மேற்பார்வை பார்த்துவந்தார். அவரைக் குடும்பத்தில் சேர்மன் என்பார்கள். குடியிருப்பில் வண்டி நிறுத்தும் இடத்தைப் பிரித்துக் கொடுக்க ஒரு காலத்தில் ஒரு கமிட்டி போட்டார்கள். அதற்கு அவர் சேர்மன். கமிட்டியைக் கலைத்துவிட்டார்கள். சேர்மனைக் கலைக்க மறந்துவிட்டார்கள்.

சர்வீஸ் சென்டரின் மேனேஜர் சேர்மனோடு காலையில் நடைப்பயிற்சி போகிறவர். டை கட்டியவர். தன்னைப் பற்றிப் பேசும்போதும் 'நாங்க' என்பவர். அந்த இடத்துக்கு ஒரு கோட்பாடு இருந்தது, அது அவருடையது. எந்தக் கார் உள்ளே வந்தாலும் முதலில் அதற்கு 'வரவேற்புக் குளியல்'. மேலே நுரை, அடியில் பீய்ச்சும் தண்ணீர், பிறகு துடைப்பு. குளித்த காரை நிழல் கொட்டகையில் இளைப்பாற விடுவார்கள். உடம்பு நன்றாக ஆறி, பளபளவென்று ஆன பிறகுதான் மெக்கானிக் கையுறை மாட்டிக்கொண்டு பக்கத்தில் வருவார். ஒரு காலத்தில் எவருடைய சீட்டிலோ கிரீஸ் பட்டு, அவர் கத்திவிட்டுப் போனதிலிருந்து இந்தக் கோட்பாடு. இதற்காகத் தலைமை அலுவலகத்திலிருந்து ஒரு பரிசுக் கோப்பை கொடுத்திருந்தார்கள். அது மீன் தொட்டியின் மேல் இருந்தது. மீன்கள் அதைப் பார்த்தபடியே நீந்தின.

தீர்ப்பு வெளியான அன்று நடந்த பேச்சு இது.

"வண்டி எங்ககிட்ட நிக்கவே இல்லையே மேடம்," என்றார் மேனேஜர். "போன தடவையும் நிக்கல. அதுக்கு முந்தின தடவையும் நிக்கல. நாங்க கம்ப்யூட்டர் போட்டுப் பாத்துட்டோம். ஒரு குறையும் காட்டல."

"ரோட்டுல நிக்குதுங்களே."

"அதான் சொல்றேன். எங்ககிட்ட நிக்கல, உங்ககிட்ட நிக்குது. நடுவுல என்ன வித்தியாசம்னு யோசிங்க."

சேர்மன் காபியைக் கீழே வைத்தார். யோசித்துவிட்டார் என்று அர்த்தம். "கிளட்ச். நான் அன்னைக்கே சொன்னேன். இவ கால எடுக்குற வேகம் சரியில்ல. ஒரு நிதானம் வேணும்."

"அத்தான், நான் கார் ஓட்ட ஆரம்பிச்சு எத்தனை வருஷமாச்சு?"

"வருஷக் கணக்கு வேற, கால் கணக்கு வேறம்மா."

"லேடீஸ் நிறைய பேருக்கு இது இருக்கு," என்றார் மேனேஜர், காலுக்கு வரும் ஒரு வியாதியைப் பற்றிப் பேசுகிற கனிவோடு. "நாங்க வேணா ஒரு சின்னப் பயிற்சி வகுப்பு ஏற்பாடு பண்றோம்."

அவள் சாவியை வாங்கிக்கொண்டு போனாள். கார் கண்ணாடி மாதிரி மின்னியது. உள்ளே எலுமிச்சை வாசனை. அவளுக்கு அதை எங்காவது கொண்டுபோய் மோதலாமா என்று இருந்தது.

அந்த ஞாயிற்றுக்கிழமை அக்கா வீட்டில் சாப்பாடு. சேர்மன் அவளிடம் காரின் சாவியை வாங்கித் தெருவை ஒரு சுற்று சுற்றிவிட்டு வந்தார். காலையிலிருந்து நிழலில் நின்று ஆறிப்போயிருந்த கார். பூனைக்குட்டி மாதிரி போய்விட்டு வந்தது. சாவியை மேசைமேல் வைத்தார். சாட்சியம் தாக்கல் ஆகிவிட்டது.

"பாத்தியா? என் காலுக்கு நிக்கல."

"அவருக்குக் கை ராசி மட்டும் இல்லடி, கால் ராசியும் இருக்கு," என்றாள் அக்கா. கேலியா பெருமையா என்று அவள் குரலில் எப்போதுமே தெரியாது. கல்யாணமான நாளிலிருந்து அதை அப்படியே பழக்கி வைத்திருந்தாள்.

"நான் என்ன சொல்றேன்னா," என்று சேர்மன் தொடங்கினார். இப்படித் தொடங்கினால் எல்லாரும் சாப்பாட்டை வேகமாக முடிப்பார்கள். "ஆபீஸ் வேலைதான் உனக்கு நல்லது. வெயில்ல அலைய வேணாம். ரோட்டுல நின்னு நாலு பேர் திட்ட வேணாம். வண்டிய என்கிட்ட விடு. ஒரு நல்ல ஆளாப் பாத்துத் தள்ளிவிட்டுடுறேன்."

"நல்ல காலாப் பாத்தா?"

அக்கா தண்ணீர் குடிக்கும் சாக்கில் சிரிப்பை விழுங்கினாள். சேர்மன் கேட்கவில்லை. தனக்கு வேண்டாததைக் கேட்காமலிருப்பது அவருக்குக் கைவந்த கலை.

நர்ஸுக்கு எரிந்தது நின்றுபோகும் காரை நினைத்து மட்டும் அல்ல. இதே பேச்சை அவள் தொழிலில் பலமுறை கேட்டிருந்தாள். நெஞ்சு வலிக்கிறது என்று வரும் பெண்ணிடம், மெஷினில் ஒன்றும் தெரியாவிட்டால், 'எல்லாம் உங்க மனசுலதான்' என்று சொல்லி அனுப்புவார்கள். மெஷின் பார்த்த நேரத்தில் வலி இருந்ததா என்று ஒருவரும் கேட்கமாட்டார்கள். தனக்குத் தெரியவில்லை என்று ஒரு வாக்கியம் இருக்கிறது. அதைச் சொல்வதைவிட எதிரே இருப்பவளுக்குப் பைத்தியம் என்று சொல்வது இந்த ஜனங்களுக்கு எளிதாக இருக்கிறது. அவர்களுக்கு டையும் கட்டிவிட்டு, கோப்பையும் கொடுத்து உட்காரவைத்திருக்கிறோம்.

மறுவாரம் கார் மறுபடி நின்றது. இந்தத் தடவை அவள் தலைமை நர்ஸுக்குப் போன் பண்ணவில்லை. பெட்டியைத் தூக்கிக்கொண்டு வெயிலில் நடந்தாள். போக வேண்டியது ஓய்வு பெற்ற ஸ்டேஷன் மாஸ்டர் வீட்டுக்கு. காலில் ஆபரேஷன் புண். ராத்திரியானால் காய்ச்சல் அடிக்கிறது என்று அவர் மனைவி சொல்லியிருந்தாள். எத்தனையோ ரயில்கள் தாமதமாவதை வாழ்நாள் முழுக்க மைக்கில் அமைதியாக அறிவித்தவர், ஒரு நர்ஸ் தாமதமாவதைப் பொறுக்கமாட்டார்.

"எந்த ஸ்டேஷன்ல நின்னுச்சு?" என்றார் படுத்தபடியே.

"அவுட்டர்ல நிறுத்திட்டாங்க சார்." அவள் தெர்மாமீட்டரை வைத்தாள். பார்த்தாள். காய்ச்சல் இல்லை. நெற்றி சில்லென்று இருந்தது. தலையணை ஈரமாக இருந்தது.

"இவருக்கு என்ன பண்ணீங்கம்மா?"

"நீங்க வர்றீங்கன்னுதான்," என்றாள் மனைவி பெருமையோடு. "உடம்பு பூரா ஈரத்துணியால துடைச்சு, சட்டை மாத்தி, அந்தக் காய்ச்சல் மாத்திரையும் குடுத்து, ஃபேனப் போட்டுப் படுக்க வச்சேன். வர்றவங்க முன்னாடி அழுக்கா கெடக்கக் கூடாதுல்ல."

"காய்ச்சல் இருக்கான்னு பாக்கத்தானம்மா வர்றேன். காய்ச்சல எறக்கி வச்சிட்டுக் காட்டினா நான் எதைப் பாக்குறது? காய்ச்சல் இல்ல, இவர் சும்மா படுத்திருக்கார்னு நான் எழுதிட்டுப் போயிடமாட்டேனா?"

சொல்லிவிட்டு அவள் அப்படியே நின்றாள். தெர்மாமீட்டர் கையிலேயே இருந்தது.

"சிஸ்டர்?" என்றார் ஸ்டேஷன் மாஸ்டர். "சிக்னல் விழுந்திடுச்சா?"

"விழுந்திடுச்சு சார்," என்றாள் அவள்.

புண்ணைப் பிரித்துப் பார்த்தாள். ஓரத்தில் சிவந்து வீங்கியிருந்தது. டாக்டருக்குப் போன் பண்ணி மருந்தை மாற்றச் சொல்லி, கட்டுப் போட்டு முடித்தாள். காருக்குத் திரும்பி நடக்கும்போது அவளுக்கு நடையில் ஒரு வேகம் வந்திருந்தது. கோபம் சரியான விலாசம் கிடைத்ததும் எடுக்கிற வேகம்.

அடுத்த விடுமுறை நாளில் அவள் காரை எடுத்துக்கொண்டு வேண்டுமென்றே நெரிசலான தெருக்களாகத் தேடித் தேடி ஓட்டினாள். வெயில் உச்சிக்கு வந்தது. பிறகு அக்கா வீட்டு வாசலில், இன்ஜினை அணைக்காமல் நின்று, சேர்மனைக் கூப்பிட்டாள்.

"அத்தான், நீங்க சொன்னதுதான் சரி. சர்வீஸ் சென்டருக்கு ஒரு தடவை நீங்களே ஓட்டிட்டு வாங்க. எப்படி மிதிக்கணும்னு பக்கத்துல இருந்து பாத்துக்குறேன்."

சேர்மன் சட்டை மாற்றிக்கொண்டு வந்தார். வாழ்க்கையில் அவர் எதிர்பார்த்துக் காத்திருந்த வாக்கியம் அது. வழி நெடுக அவருடைய இடது கால் விரிவுரை ஆற்றியது. "இப்பப் பாரு. மெதுவா... பாத்தியா? கால்ல ஒரு மரியாதை இருக்கணும்." அவள் தலையாட்டிக்கொண்டே வந்தாள்.

சர்வீஸ் சென்டர் வாசலில், வரவேற்புக் குளியலுக்கு நீளமாக வரிசை. அவள் எதிர்பார்த்தது இதைத்தான்.

"ஆஃப் பண்ணிடவா?"

"வேணாம் அத்தான், ஓடட்டும்."

வரிசை நகரவில்லை. வெயில் பானெட்டின் மேல் உட்கார்ந்திருந்தது. சேர்மன் கியரை நியூட்ரலில் போட்டுவிட்டு, இரண்டு கால்களையும் நீட்டிக்கொண்டு, நகர நிர்வாகம் பற்றிப் பேசத் தொடங்கினார். பேச்சு தண்ணீர்க் குழாய்களை எட்டியபோது கார் நின்றது.

சேர்மன் பேச்சை நிறுத்தினார். சாவியைத் திருப்பினார். சுற்றியது, பற்றவில்லை. மறுபடியும் திருப்பினார்.

"அத்தான், உங்க இடது கால் எங்க இருக்கு?"

"கீழதான் இருக்கு."

"கிளட்ச் மேலயா?"

"நான் தொடவே இல்லம்மா, சும்மா உக்காந்திருந்தேன்." சொல்லி முடித்த பிறகுதான் தான் என்ன சொன்னோம் என்பது அவருக்கு எட்டியது. "அதாவது, வெயில்..."

பின்னால் ஹாரன்கள் தொடங்கின. குளிப்பாட்டுகிறவர் பழக்கதோஷத்தில் தண்ணீர்க் குழாயை நீட்டிக்கொண்டு வந்தார். அவள் கதவைத் திறந்து இறங்கி, குழாய்க்கும் காருக்கும் நடுவில் நின்றாள்.

"ஒரு சொட்டு இது மேல படக்கூடாது."

"வண்டிய ஓரமாத் தள்ளிக் கழுவிடலாம்மா. ரூல்ஸ்..."

"அந்த ரூல்ஸப் போட்டவர வரச்சொல்லுங்க."

மேனேஜர் வந்தார். வெளியே வெயிலில் அவரை இதுவரை யாரும் பார்த்ததில்லை போலும், வரிசையில் இருந்தவர்கள் எட்டிப் பார்த்தார்கள். "மேடம், முதல்ல குளியல் ஆகட்டும், அப்புறம் வண்டி ஆறின உடனே நாங்க..."

"காய்ச்சல்காரனக் குளிப்பாட்டி, விசிறிவிட்டு, தூங்கவச்சு, அப்புறம் தெர்மாமீட்டர் வச்சுக் காய்ச்சலே இல்லங்கிறீங்க. தடவைக்குத் தடவை இதையே பண்ணிட்டு என் கால்ல குறை சொல்றீங்க. இப்ப வண்டி செத்துக் கெடக்கு. இப்பப் பாருங்க. ஆறுறதுக்குள்ள பாருங்க. இல்லன்னா நான் இங்கயே நிக்கிறேன், இந்த வரிசையும் நிக்கட்டும்."

வரிசை இதைக் கேட்டது. பின்னால் இருந்த வேன்காரர் ஹாரனை நிறுத்திவிட்டு, "பாருய்யா மொதல்ல," என்றார். அவருக்கும் ஏதோ பழைய கணக்கு இருந்திருக்க வேண்டும்.

மெக்கானிக் வந்தார், கையுறை மாட்டாமல். சாவியைத் திருப்பச் சொல்லி மீட்டரைப் பார்த்தார். "இன்ஜின் சுத்துது. ஆனா சுத்துற வேகத்தக் காட்டுற முள்ளு அசையவே இல்ல பாருங்க. கிராங்க் சென்சார்தான்."

"எங்க கம்ப்யூட்டர் காட்டலையே," என்றார் மேனேஜர்.

"அது எப்படி சார் காட்டும்? இன்ஜின் சுத்துதுன்னு கம்ப்யூட்டருக்குச் சொல்றதே அந்த சென்சார்தான். அது வாயத் திறக்கலன்னா, இன்ஜின் சும்மா நிக்குதுன்னு கம்ப்யூட்டர் நினைச்சுக்கும். பெட்ரோலையும் நிறுத்திடும், பொறியையும் நிறுத்திடும். சும்மா நிக்கிற இன்ஜின்ல அதுக்கு என்ன குறை தெரியும்? இந்த மாடல்ல அப்படித்தான்."

புகார் வந்து சேராததால் புகாரே இல்லை என்று நம்பும் இந்த முறையை, மனிதர்களிடமிருந்து கம்ப்யூட்டர் கற்றதா, கம்ப்யூட்டரிடமிருந்து மேனேஜர் கற்றாரா என்பது தெரியவில்லை.

மெக்கானிக் அந்தக் குழாயையே கையில் வாங்கினார். நர்ஸ் தடுக்கப் போனாள். "ஒரு நிமிஷம் சிஸ்டர். வண்டி மேல இல்ல, அது மேல மட்டும்," என்றார். பானெட்டைத் திறந்து, கையை உள்ளே விட்டு, இன்ஜினின் கீழ்ப்பக்கம் ஒரு இடத்தில் மட்டும் தண்ணீரை மெல்ல ஒழுகவிட்டார். ஆவி பறந்தது. கொஞ்ச நேரம் விட்டார்.

"இப்பத் திருப்புங்க."

சேர்மன் திருப்பினார். உடனே பற்றிக்கொண்டது.

குழாயிலிருந்து தண்ணீர் சொட்டிக்கொண்டிருந்தது. ஒவ்வொரு முறையும் இவர்கள் எதைக் கழுவினார்கள் என்பதை வரிசையில் இருந்த அத்தனை பேரும் பார்த்துவிட்டார்கள்.

சென்சாரைக் கழற்றிக் கையில் கொடுத்தார் மெக்கானிக். கட்டைவிரல் அளவுதான் இருந்தது. நுனியில் கறுப்பாக மீசை மாதிரி ஏதோ ஒட்டியிருந்தது.

"இரும்புத் தூள். நுனியில காந்தம், அதான் இழுத்து வச்சிருக்கு. சில வண்டியில இந்தத் தூளே சிக்னலக் கெடுத்துடும், துடைச்சா போயிடும். இதுக்கு வியாதி உள்ள."

"உள்ள என்ன?"

"காந்தத்தச் சுத்தி முடி மாதிரி மெல்லிசாச் செம்புக் கம்பி சுத்தியிருக்கும். இன்ஜின்ல ஒரு பல்சக்கரம் இதுக்குப் பக்கத்துல, உரசாம, நகக்கனம் இடைவெளியில சுத்தும். ஒவ்வொரு பல்லு தாண்டுறப்பவும் கம்பியில ஒரு துடிப்பு. உங்க பாஷையில நாடி. ஒரு எடத்துல பல்லு இல்லாம விட்டிருப்பாங்க, அந்த இடைவெளிய வச்சு பிஸ்டன் எங்க இருக்குன்னு கம்ப்யூட்டர் கணக்குப் போட்டுக்கும். சூட்டுலயும் அதிர்வுலயும் வருஷக்கணக்கா கெடந்தா கம்பி எங்கயாவது விட்டுப்போகும். சூடானா விரிஞ்சு விலகும், நாடி நிக்கும். ஆறினா மறுபடி ஒட்டிக்கும். சில வண்டியில வெளிய வர்ற ஒயர் உரசிப் போயிருக்கும், ப்ளக்ல தண்ணி எறங்கியிருக்கும். இதுல கம்பிதான்."

"இது உங்களுக்கு முன்னாடியே தெரியுமா?" அவள் கேட்ட விதத்தில் மெக்கானிக் கையைத் துடைத்துக்கொள்ளத் துணி தேடினார்.

"எங்ககிட்ட வர்றப்ப வண்டி நல்லா இருக்கும் சிஸ்டர். ஓடுற வண்டியில நான் எதைன்னு கழட்டுறது? சூடா இருக்குறப்பக் குடுங்கன்னு ஒருக்கா சொன்னேன்." மேனேஜரைப் பார்க்காமல் சொன்னார். "சீட்டுல கிரீஸ் படும்னாங்க."

அவள் மேனேஜரிடம் திரும்பினாள். "எனக்கு ஒரு பதில் வேணும். கால்னு சொன்னீங்களே, அத என்ன பண்ணப்போறீங்க?"

"நாங்க அந்த நேரத்துல கிடைச்ச தகவலின் அடிப்படையில..."

"தெரியலன்னு சொல்லியிருக்கலாம்ல? ஒத்த வார்த்தை. இந்தக் காலால நான் வேலைய இழக்க இருந்தேன்."

மேனேஜர் டையைச் சரிசெய்தார். அது சரியாகத்தான் இருந்தது.

அதன் பிறகு நடந்தவை எல்லாம் கண்ணியமாகவே நடந்தன. சர்வீஸ் சென்டர் வாசலில் புதிதாக ஒரு பலகை வந்தது: 'வெப்பநிலை சார்ந்த உயர்நிலை ஆய்வு, எங்கள் சொந்தக் கண்டுபிடிப்பு.' அடுத்த நடைப்பயிற்சியில் மேனேஜர் அதைப் பற்றி விளக்க, சேர்மன் கேட்டுக்கொண்டு நடந்தார். அக்கா வீட்டு ஞாயிற்றுக்கிழமைச் சாப்பாட்டில் சேர்மன் காந்தத்தைப் பற்றி நீண்ட உரை ஆற்றினார். தான் அன்றைக்கு ஓட்டிப்போனதால்தான் வியாதி வெளியே வந்தது என்றும், சில கால்களுக்குத்தான் வண்டி உண்மையைச் சொல்லும் என்றும் முடித்தார். அக்கா, "ஏய், இன்னும் கொஞ்சம் சாதம் போட்டுக்கோ," என்று தங்கையின் தட்டை நிரப்பினாள். மன்னிப்பு என்று அந்த வீட்டில் ஏதாவது உண்டென்றால் அதுதான். பயிற்சி வகுப்புக்கு வரச்சொல்லி சர்வீஸ் சென்டரிலிருந்து அவளுக்கு இரண்டு தடவை போன் வந்தது. பட்டியலில் இருந்து பெயரை எடுக்க யாருக்கும் தோன்றவில்லை. ஸ்டேஷன் மாஸ்டரின் புண் ஆறிவருகிறது. ரவுண்ட்ஸ் அவளிடமே இருக்கிறது.

சென்சாரை மாற்றிய பிறகு கார் வழியில் நிற்கவில்லை. இடது காலை யாரும் மாற்றவில்லை.